நெட்வொர்க் சுவிட்ச்சில் ரிமோட் லாகினை இரண்டு பேருக்கு மட்டும் விடுவது எப்படி?

மண்டபம்_ஐஸ்: மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் பிளாண்ட். சிஸ்கோ 2960 சுவிட்ச் ஒன்றில்தான் கேமரா, பில்லிங், லோடு ஏற்ற வரும் டிரைவர்களுக்கான வை-ஃபை எல்லாம் ஓடுகிறது. அந்த வை-ஃபை பக்கமிருந்து (192.168.30 என்று தொடங்கும் முகவரிகள்) யாரோ டெல்நெட்டில் (தூரத்திலிருந்து சுவிட்ச்சுக்குள் நுழையும் பழைய முறை) பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறார்கள், லாகில் தெரிகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் 192.168.10.5, அப்புறம் ராமநாதபுரத்திலிருந்து விபிஎன்னில் (இணையம் வழியே வரும் தனி இணைப்பு) வரும் நான், வேறு யாரும் நுழையக் கூடாது. விலானில் (சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஆக்சஸ் லிஸ்ட் (யாரை விடலாம் என்ற பட்டியல்) போட்டால் கேமரா நின்றுவிடுமா?

பாம்பன்காற்று: விலானைத் தொடாதீங்க தம்பி. ரிமோட்டில் சுவிட்ச்சுக்குள் நுழையும் வாசல் விடிஒய் லைன், பூட்டை அங்கே போடுங்கள். கேமராவுக்கு ஒன்றும் ஆகாது.

ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் ஹோஸ்ட் 192.168.10.5
ஆக்சஸ்-லிஸ்ட் 10 டினை எனி லாக்
லைன் விடிஒய் 0 15
ஆக்சஸ்-கிளாஸ் 10 இன்
டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்

நிறையப் பேர் விடிஒய் லைன் 0 முதல் 4 வரை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். 5 முதல் 15 வரை திறந்தே கிடக்கும். கடைசி வரி டெல்நெட்டை மூடி, எஸ்எஸ்ஹெச்சை (ரகசியக் குறியீட்டில் நுழையும் முறை) மட்டும் விடும், ஆகவே அதற்கான ஆர்எஸ்ஏ கீ (குறியீட்டுச் சாவி) உருவாக்கி எஸ்எஸ்ஹெச்சில் ஒருமுறை நுழைந்து பார்த்தபிறகே அதைப் போடுங்கள்.

கீழக்கரை_நெட்: அண்ணன் சொன்னது சரி. ஆனால் இவர் விபிஎன்னில் வருகிறார், பட்டியலில் அவர் முகவரியே இல்லையே! முதலில் 'ஷோ யூசர்ஸ்' அடித்து, சுவிட்ச் உங்களை எந்த முகவரியில் பார்க்கிறது என்று பாருங்கள். அதற்கும் ஒரு பெர்மிட் (அனுமதி) வரி, டினை (மறுப்பு) வரிக்கு மேலே.

மாற்றுவதற்கு முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, பழைய அமைப்போடு திரும்பும். சேவ் செய்யவா என்று கேட்டால் நோ. ஆக்சஸ்-கிளாஸ் புதிய இணைப்பைத்தான் தடுக்கும், அதனால் இருக்கும் விண்டோவை மூடாமல் இன்னொன்றில் சோதியுங்கள். நுழைய முடிந்தால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேவ்.

மண்டபம்_ஐஸ்: ஷோ யூசர்ஸில் 10.8.0.6 என்று வந்தது. அதையும் சேர்த்தேன். டிரைவர் வை-ஃபையிலிருந்து முயன்றால் இப்போது பாஸ்வேர்டு கேட்கும் முன்பே சுவிட்ச் மறுத்துவிடுகிறது. கேமரா ஓடுகிறது. நன்றி அண்ணே.

பாம்பன்காற்று: பிரவுசரில் திறக்கும் சுவிட்ச்சின் பக்கத்துக்கு இந்தப் பூட்டு பொருந்தாது. தேவையில்லை என்றால் 'நோ ஐபி ஹெச்டிடிபி சர்வர்', கூடவே 'நோ ஐபி ஹெச்டிடிபி செக்யூர்-சர்வர்'. அடுத்த முறை மண்டபம் போகும்போது கன்சோல் போர்ட்டையும் (சுவிட்ச்சில் நேரடியாகக் கேபிள் மாட்டி நுழையும் இடம்) பாருங்கள். நம்ம உப்புக் காத்துக்கு உள்ளே கம்பி பச்சை பூத்திருக்கும். அவசரத்துக்கு அந்த வழிதான் மிச்சம்.