கணினி நினைவகமான டிராம் (DRAM) ரெஃப்ரெஷ் ஆகும்போது ஏற்படும் தாமதத்தைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி: நுண்நொடி

வலையமைப்பிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு பெரிய அட்டவணையில் தேடி உடனே விடை அனுப்பும் நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதி வருகிறேன். சர்வரில் 8 ஜிகாபிட் சில்லுகள் கொண்ட டிடிஆர்4-3200 நினைவகம் இரண்டு சேனல்களில் (செயலியோடு இணைக்கும் தனித்தனிப் பாதைகளில்) உள்ளது. அட்டவணை செயலிக்குள் உள்ள விரைவு நினைவகமான எல்3 கேஷில் அடங்காது. கேஷில் இல்லாத தரவைப் படிக்கப் பெரும்பாலும் 90 நானோ வினாடி அளவே ஆகிறது. ஆனால் நூற்றுக்குச் சில முறை அது 200, 300, சில வேளை 400 நானோ வினாடிக்கு மேலும் போய்விடுகிறது. நிரலுக்கென்று செயலியின் ஒரு கோரை ஒதுக்கி, 1 ஜிகாபைட் பெரும்பக்கங்களையும் (huge pages) பயன்படுத்திய பிறகும் நிலைமை மாறவில்லை. சராசரி எனக்கு முக்கியமில்லை, மிக மோசமான தாமதத்தைத்தான் குறைக்க வேண்டும். இதற்கு ரெஃப்ரெஷ்தான் காரணமா? அப்படியானால் என்ன செய்யலாம்?

மறுமொழி 1: மின்தேக்கி

காரணம் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டிராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சிறு மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், 85 பாகை செல்சியஸ் வரை பிட்டுகள் அடுக்கப்பட்ட எல்லா வரிசைகளையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். நினைவகக் கண்ட்ரோலர் ரெஃப்ரெஷ் எனப்படும் இந்த வேலையை 8192 கட்டளைகளாகப் பிரித்து, சராசரியாக 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒன்று வீதம் அனுப்புகிறது. உங்கள் சில்லுகளில் ஒவ்வொரு கட்டளைக்கும் 350 நானோ வினாடி ஆகும். அதுவரை அந்த ரேங்க் (ஒன்றாக இயங்கும் சில்லுத் தொகுதி) முழுவதும் எந்தக் கோரிக்கைக்கும் பதில் தராது. மொத்த நேரத்தில் இது ஏறத்தாழ 4.5 விழுக்காடு. நீங்கள் சொல்லும் ‘நூற்றுக்குச் சில முறை’ இதனோடு பொருந்துகிறது.

சோதிக்க ஒரே முகவரியை சிஎல்ஃப்ளஷ் என்னும் செயலிக் கட்டளை கொண்டு கேஷிலிருந்து நீக்கி, மீண்டும் மீண்டும் படித்து, தாமதமான படிப்புகளின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளிகள் 7.8 மைக்ரோ வினாடியின் மடங்குகளாக வந்தால் ரெஃப்ரெஷ்தான். மில்லி வினாடிக் கணக்கில் வந்தால் டைமர் இன்டரப்ட் போன்றவற்றைத் தேடுங்கள். 3.9 என்று வந்தால் ரெஃப்ரெஷ் இருமடங்கு வேகத்தில் நடக்கிறது என்று பொருள். நினைவகம் 85 பாகையைத் தாண்டிச் சூடாகியிருக்கலாம், அல்லது ஒரு வரிசையை விடாமல் அணுகி அண்டை வரிசையின் பிட்டுகளை மாற்றிவிடும் ரோஹேமர் தாக்குதலுக்குத் தடுப்பாக பயாஸில் அப்படி அமைத்திருக்கலாம். 2015-இல் ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள் அத்தகைய ஃபர்ம்வேர் திருத்தங்களை வெளியிட்டன.

மறுமொழி 2: வேகப்பிரியன்

உங்கள் பயாஸ் அனுமதித்தால் ரெஃப்ரெஷ் கட்டளைகளுக்கு இடையிலான நேரத்தைக் குறிக்கும் டிஆர்இஎஃப்ஐ (tREFI) மதிப்பைக் கூட்டுங்கள். டிடிஆர்4-3200-இல் இயல்பான மதிப்பு 12480 சுழற்சிகள். கேமிங் கணினி வைத்திருப்போர் பலர் அதை 65535 வரை ஏற்றிவிடுகிறார்கள். அப்போது இடைவெளி 41 மைக்ரோ வினாடி ஆகி, இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும்.

மறுமொழி 3: பழைய பொறியாளர்

மேலே சொன்ன வழியை ஒரு சர்வருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தாமதம் வரும் தடவைகள் குறையுமே தவிர, வரும்போது அதே 350 நானோ வினாடி அப்படியே வரும். கேட்டவருக்கு வேண்டியது அதுவல்ல. அதோடு, வலுக்குறைந்த சில செல்கள் கோடை வெப்பத்தில் தரவை இழக்கக்கூடும். ரோஹேமருக்கும் கதவு அகலத் திறக்கும்.

பெரும்பாலான வரிசைகள் 64 மில்லி வினாடியைவிட வெகுநேரம் தரவைத் தாங்கும் என்பது உண்மைதான். இதை வைத்தே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓனுர் முத்லுவின் குழு 2012-இல் ரெய்டர் என்னும் முறையை முன்வைத்தது. வரிசைகளை அவை தாங்கும் நேரப்படி வகுத்து, வலுக்குறைந்தவற்றை மட்டும் அடிக்கடி புதுப்பித்தால், ரெஃப்ரெஷ்களில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தவிர்க்கலாம் என்று அவர்கள் காட்டினர். ஆனால் சில செல்களின் தாங்கும் நேரம் முன்னறிவிப்பின்றி மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை அளந்து வகுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

உங்கள் தேவைக்கு நெருங்கி வருவது டிடிஆர்4 தரத்திலேயே உள்ள நுண்பகுப்பு ரெஃப்ரெஷ், அதாவது ரெஃப்ரெஷைச் சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்து அடிக்கடி அனுப்புவது. இருமடங்கு முறையில் ஒவ்வொரு கட்டளையும் 260, நான்மடங்கு முறையில் 160 நானோ வினாடியில் முடிந்துவிடும். ஆனால் கட்டளைகளின் எண்ணிக்கை கூடுவதால் மொத்த இழப்பு 4.5-இலிருந்து முறையே 6.7, 8.2 விழுக்காடாக உயரும். தரவு கடத்தும் திறன் குறையும், ஆனால் நான்மடங்கு முறையில் ஒரு ரெஃப்ரெஷுக்காகக் காத்திருக்கும் மிக நீண்ட நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். சராசரி முக்கியமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் இந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகும். ரெஃப்ரெஷைத் தள்ளிப்போடும் வசதி பயாஸில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்; தரம் எட்டுக் கட்டளைகள் வரை தள்ளிப்போட இடம் தருகிறது, அவை சேர்ந்து வந்தால் உங்கள் பாக்கெட் மைக்ரோ வினாடிக் கணக்கில் காத்திருக்கும்.

இயந்திரத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால் டிடிஆர்5 பாருங்கள். அதில் ஒவ்வொரு பேங்க் (சில்லுக்குள் தனித்து இயங்கும் பகுதி) தொகுதியிலும் ஒரு பேங்கை மட்டும் மூடிப் புதுப்பிக்கும் கட்டளை உண்டு. 16 ஜிகாபிட் சில்லில் அதற்கு 130 நானோ வினாடிதான், மற்ற பேங்குகள் வேலை செய்துகொண்டே இருக்கும்.

மறுமொழி 4: இருசேனல்

அட்டவணை பெரும்பாலும் படிக்க மட்டுமே என்றால் இன்னொரு வழி உண்டு. ஒரே தரவை இரண்டு சேனல்களிலும் ஒவ்வொரு படி (நகல்) வைத்து, இரண்டு கோர்கள் ஆளுக்கொரு படியைப் படிக்கட்டும். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனல்களின் ரெஃப்ரெஷ் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தி வராதவரை, இரண்டுமே ஒரே வேளையில் சிக்குவது அரிது. பொருந்தி வருகிறதா என்பதை மட்டும் மறுமொழி 1-இல் சொன்ன சோதனையால் பார்த்துவிடுங்கள். ஒரே கோரில் இதைச் செய்ய முயல வேண்டாம். கட்டளைகள் வரிசைப்படியே நிறைவு பெற வேண்டியிருப்பதால், பிந்திய படிப்பு முந்தியதன் பலனையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எந்த முகவரி எந்தச் சேனலுக்குப் போகும் என்பதைச் செயலி பல முகவரி பிட்டுகளைக் கலந்து தீர்மானிக்கிறது. நீங்கள் 1 ஜிகாபைட் பக்கம் வைத்திருப்பதால் கீழ் 30 பிட்டுகளும் உங்கள் கையில் இருக்கின்றன. நினைவகக் கண்ட்ரோலரின் கவுன்டர்களைப் பார்த்துக்கொண்டே மீதியைக் கண்டுபிடிக்கலாம். இதற்கு விலை இருமடங்கு நினைவகமும் கூடுதலாக ஒரு கோரும்.

நுண்நொடி

மிக்க நன்றி. சோதித்ததில் இடைவெளி 7.8-இன் மடங்குகளாகவே வருகிறது. நுண்பகுப்பு முறையை முதலில் முயல்கிறேன். இருசேனல் அவர்களே, என் அட்டவணை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும். அப்போது இரண்டு படிகளும் முரண்படாதா?

இருசேனல்

இருக்கும் படிகளைத் திருத்தாமல், புதிய அட்டவணையை இரண்டு சேனல்களிலும் தனியே முழுமையாகக் கட்டிவிட்டு, அட்டவணையின் முகவரியைக் காட்டும் சுட்டியை (pointer) மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு விடையுடனும் பதிப்பு எண் வரட்டும். மாறும் கணத்தில் ஒரு கோர் பழையதைத் தந்தால் அதை அடையாளம் காணலாம். சுட்டி எப்போதும் கேஷிலேயே இருக்கும் என்பதால் அதைப் படிப்பதை ரெஃப்ரெஷ் பாதிக்காது.