ஒரே பேராசிரியர், இரண்டு ஹெச்-இண்டெக்ஸ்: எதை நம்புவது?

சைதை_வாசகி: சைதாப்பேட்டையில் எம்.எட். முடித்துவிட்டு, கல்வி உளவியலில் பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடுகிறேன். ஒருவருக்கு கூகுள் ஸ்காலர் தேடுதளம் காட்டும் ஹெச்-இண்டெக்ஸ் எண்ணில் பாதிதான் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் வருகிறது. கூட்டு ஆய்வாளர்கள் பாதிப்பேர் வெளிநாட்டவர். எதை வைத்து முடிவெடுப்பது?

மாம்பலம்_முனைவர்: பயப்படாதீங்க, இது சகஜம். ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, நூல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணும். தமிழில் எழுதியவை அங்கே ஏறுவது அரிது (எனக்கு இதில் தீராத கடுப்பு உண்டு).

ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவு. பத்து கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் எண் 10. ஒரே கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கினாலும் இது அசையாது. உதாரணத்துக்கு, பிரௌனும் கிளார்க்கும் 2006இல் கருப்பொருள் பகுப்பாய்வு (பேட்டி போன்ற தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கண்டறியும் முறை) பற்றி எழுதிய கட்டுரையைப் பாருங்கள். உளவியலில் இப்படி ஆய்வு செய்யும் முறையைச் சொல்லும் முறையியல் கட்டுரைக்குத்தான் மேற்கோள் கொட்டும். அதனால் மொத்த எண்ணிக்கையை விடுங்கள், எந்தக் கட்டுரைக்கு வந்தது என்று பாருங்கள். கூட்டுக் கட்டுரைகளில் அவர் முதல் ஆசிரியரா, நடுவில் ஒருவரா என்பதும் முக்கியம்.

இனிஷியல்_தொல்லை: நம்மூர் பெயர்களில் இன்னொரு வம்பு. ஒரே இனிஷியல், ஒரே பெயர் என்றால் வேறொருவர் கட்டுரையும் ஸ்காலர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இருந்தால் சரிபாருங்கள்.

சைதை_வாசகி: அட, பல் மருத்துவக் கட்டுரை ஒன்று அவர் பட்டியலில் கிடக்கிறது!

மாம்பலம்_முனைவர்: அப்போ அதைக் கழித்துவிடுங்கள். அப்புறம் சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளைத் தேடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம், இடம் காலியா என்று முதலில் கேளுங்கள்.