‘புராஜெக்ட் ஹெயில் மேரி’க்கு அப்புறம் நண்பனுக்கு என்ன கொடுப்பது?

நண்பனுக்கு அடுத்து எந்த அறிவியல் புனைகதையைக் கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன். பள்ளியில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வோடு நின்றுபோனவன், போன வருடம் நான் கொடுத்த ஆண்டி வியரின் ‘புராஜெக்ட் ஹெயில் மேரி’யை (2021) ராத்திரி தூங்காமல் முடித்தான். அதில் இசைச் சுரங்களால் பேசும் வேற்றுக்கிரகவாசி ராக்கியின் சுரங்களிலிருந்து கதாநாயகன் ஒவ்வொரு சொல்லாகப் பிடிக்கும் பகுதியை எனக்கு போன் போட்டு வாசித்தே காட்டினான்.

அதற்கப்புறம் கொடுத்தது எதுவும் தேறவில்லை. லியு சிசினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’: ஆங்கிலப் பதிப்பின் தொடக்கத்தில் வரும் சீனக் கலாச்சாரப் புரட்சிப் பகுதியிலேயே மூடிவிட்டான். 2024 புக்கர் வாங்கிய சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’: “ஆறு பேர் பூமியை 16 தடவை சுற்றுகிறார்கள், சரி, கதை எங்கேடா?” என்றான். (எனக்கு ரொம்பப் பிடித்த நாவல், அது வேறு விஷயம்.) ஏட்ரியன் சைகோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ பழசு, 2015. ஆனாலும் கொடுத்துப் பார்த்தேன். முழுக்கச் சிலந்திகள் என்றதும் தொடவே இல்லை. ஐந்து கால் ராக்கியை ரசித்தவனுக்கு எட்டுக் கால் என்றால் பயமாம்!

மின் பொறியாளன், செங்கல்பட்டு ரயிலில் கிண்டிலில்தான் வாசிப்பான். ஆங்கிலம் எளிதாக இருக்க வேண்டும். இயற்பியலில் ஓட்டை இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவான். தொடர் வரிசை வேண்டாம், ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும். மாதக் கடைசியில் அவன் பிறந்தநாள்.

2020க்குப் பிறகு வந்ததில், ஒரு சிக்கலை அறிவியலால் படிப்படியாக அவிழ்க்கிற, நகைச்சுவையும் உள்ள நாவல் எது?