சாங்கர் இன்சுலின் வரிசையைக் கண்டறிந்தது எப்படி?

கேள்வி: ஃபிரெடெரிக் சாங்கருக்கு 1958-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்சுலினில் எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது என்பதை எப்படிக் கண்டார்?

பதில் 1: முதலில் பெர்ஃபார்மிக் அமிலத்தால் டைசல்பைடு பிணைப்புகளை (சங்கிலிகளைக் கோக்கும் கந்தகம்-கந்தகப் பிணைப்புகள்) உடைத்தார். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலியும், 30 கொண்ட பி சங்கிலியும் தனித்தனியாகக் கிடைத்தன. ஃபுளோரோடைநைட்ரோபென்சீன் என்ற வினைப்பொருள் சங்கிலி முனையின் அமினோ தொகுதியில் ஒட்டி மஞ்சளாகும். அமிலத்தில் கொதிக்கவைத்த பிறகு எது மஞ்சளோ அதுதான் முதலாவது: ஏ-யில் கிளைசின், பி-யில் ஃபினைல்அலனைன். லைசினின் பக்கத் தொகுதியும் மஞ்சளாகும், குழம்பிவிடக் கூடாது. பிறகு சங்கிலியை அரைகுறையாகச் சிதைத்து, துண்டுகளைத் தாள் குரோமட்டோகிராஃபியில் (தாளில் கரைப்பானை ஊறவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் முறை) பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை வைத்து வரிசையைக் கோத்தார். அபாரமான பொறுமை!

பதில் 2: அமிலம் ஆஸ்பராஜினை ஆஸ்பார்டிக் அமிலமாக்கிவிடும், ஆஸ்பராஜின் போன்ற அமைடுகளைத் தனியாகத்தான் கண்டறிய வேண்டும். மஞ்சள் கிளைசினும் அதிக நேரம் கொதித்தால் சிதையும்.

பதில் 3: எனக்கு, எந்தக் கந்தகம் எதனோடு பிணைந்திருக்கிறது என்று கண்ட டைசல்பைடு கட்டம்தான் பெரிது. சிதைக்கும்போதே பிணைப்புகள் இடம் மாறி, இல்லாத ஜோடிகளைக் காட்டின. அடர் அமிலத்தில் சிறிது தயால் (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) சேர்த்தால் அது அடங்கும். காரத்திலோ தயால்தான் அதைத் தூண்டும். 1955-இல் முழு அமைப்பும் வெளிவந்தது. டிஎன்ஏ வரிசைமுறைக்காக 1980-இல் இரண்டாம் வேதியியல் நோபல்.