பாயின்ட் ஆஃப் டைவர்ஜென்ஸ்: 'பிரிமுனை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹவாய் முடியரசு இன்றும் தனி நாடாக நீடித்திருந்தால் எப்படி இருக்கும் என்று எழுதப்படும் மாற்று வரலாற்றுக் குறிப்பு பற்றிய இழை இது. உண்மை வரலாற்றைவிட்டுக் கற்பனை பிரிகிற இடத்தை ஆங்கிலத்தில் பாயின்ட் ஆஃப் டைவர்ஜென்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை திருப்புமுனை, திரிபுக்கணம், கிளைப்புள்ளி, விலகுபுள்ளி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாகப் 'பிரிமுனை'யை முன்வைக்கிறேன்.

திருப்புமுனை நல்ல சொல்தான். ஆனால் அது உண்மையில் நடந்த ஒன்றுக்கு உரியது. 1893 சனவரி 17-இல் அரசி லிலியுவோகலானி பதவியிலிருந்து இறக்கப்பட்டது ஹவாயின் திருப்புமுனை. அது நடக்காமல் போயிருந்தால் என்று தொடங்கும் கற்பனைக்கும் அதே சொல்லை வைத்தால், படிப்பவர் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டிவரும். திரிபு என்ற சொல்லை அடியோடு தவிர்க்கலாம். வரலாற்றுத் திரிபு என்றால் நமக்குப் பொய் வரலாறு என்றே பொருள். மாற்று வரலாறு எழுதுபவர் யாரையும் ஏமாற்றுவதில்லை, இது கற்பனை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

புள்ளியில் முடியும் இரண்டு சொற்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுதுபவர் நாட்காட்டியில் ஒரு தேதியைத் தேடப் போய்விடுவார். ஹவாயை எடுத்துக்கொண்டால் அப்படித் தேடுவது எவ்வளவு தவறான இடத்தில் கொண்டுபோய் விடும் என்பது தெரியும்.

பலரும் 1893-ஐத்தான் எடுப்பார்கள். சனவரி 16 அன்று பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 162 வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கினார்கள். மறுநாளே தற்காலிக அரசு ஒன்று அறிவிக்கப்பட, அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ் அதை உடனே அங்கீகரித்தார். சரி, வீரர்கள் இறங்கவில்லை, அரசி தப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் கையில் இருப்பது 1887-இன் அரசியலமைப்புதானே? ஆயுதம் ஏந்திய படைப்பிரிவின் மிரட்டலில் மன்னர் கலாகௌவா கையெழுத்திட்ட அதைத் துப்பாக்கிமுனை அரசியலமைப்பு என்றே சொல்கிறார்கள். அதன்படி சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னரால் அமைச்சர்களை நீக்க முடியாது. மேலவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கச் சொத்தோ வருமானமோ வேண்டும் என்று விதித்ததால் பெரும்பாலான ஹவாய் மக்கள் அந்த வாக்கை இழந்தார்கள். சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் வாக்கே கிடையாது. வெளிநாட்டவரில் ஐரோப்பியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் மட்டும் குடியுரிமை பெறாமலேயே அது கிடைத்தது. அரசி 1893-இல் புதிய அரசியலமைப்பு கொண்டுவர முயன்றதே இதை மாற்றத்தான். ஆகவே 1893-இல் பிரியும் கற்பனை நாட்டில் அரசி அரண்மனையில் இருப்பார், ஆட்சி கரும்புத் தோட்ட முதலாளிகளிடம் இருக்கும்.

அப்புறம் 1898. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்து அவர்களின் மொத்த எண்ணிக்கையே 40,000 அளவுதான் என்பதை நினைத்தால் இது எத்தனை பெரிய எதிர்ப்பு! அமெரிக்க மேலவையில் இணைப்பு ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஸ்பெயினோடு போர் வந்த பிறகு, எளிய பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானத்தின் வழியாக 1898 சூலையில் இணைத்துக்கொண்டார்கள். அந்தப் போரே வராமல் போயிருந்தால் தீவுகள் தனி நாடாக நின்றிருக்கலாம். ஆனால் முடியரசாக அல்ல. 1894-லிருந்து அங்கே இருந்தது சான்ஃபோர்ட் டோல் தலைமையிலான குடியரசு.

இன்னும் பின்னால் போனால் 1875-இன் வணிக ஒப்பந்தம். ஹவாய்ச் சர்க்கரை சுங்கவரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்டங்கள் பெருகின, சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் கூலித் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட 1887-இல் பேர்ல் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனியுரிமையும் அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஒப்பந்தம் இல்லாத ஹவாயில் மக்கள்தொகையே வேறு, பேசும் மொழிகளின் கலவையே வேறு.

ஆக, எங்கே பிரிக்கிறோம் என்பது தேதி பற்றிய கேள்வி அல்ல, எந்தக் காரணத்தை நீக்குகிறோம் என்ற கேள்வி. அந்த இடத்துக்கு ஓர் அகலம் உண்டு, அதற்குள் பல ஆண்டுகள் அடங்கும். தெருமுனை என்று சொல்லும்போது நாம் இரண்டு தெருக்கள் சேரும் அந்தச் சுற்றுவட்டத்தையே மனதில் கொள்கிறோம் இல்லையா, அந்த 'முனை' இதற்குப் பொருந்துகிறது. திருப்புமுனைக்குப் பக்கத்தில் பிரிமுனையை வைத்தால் நடந்ததும் கற்பனையும் உறவோடும் வேறுபாட்டோடும் தெரியும். பிரிமுனைக்கு முன், பிரிமுனைக்குப் பின் என்று தடங்கலில்லாமல் எழுதவும் வருகிறது.

கிளைமுனை ஏன் கூடாது என்று கேட்கலாம். அதைக் கேட்டதும் கிளையின் நுனிதான் நினைவுக்கு வருகிறது, கிளை பிரியும் இடம் அல்ல. வழி பல கிளையாகப் பிரிவதற்குக் 'கவர்த்தல்' என்று அருமையான பழஞ்சொல் இருக்கிறது. மதுரைக்குப் போகும் வழி சூலத்தைப் போல மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் 'கவர்க்கும்' என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்று கவர்முனை என்று எழுதினால் கவர்ச்சியோடுதான் சேர்த்துப் படிப்பார்கள்.

இன்னொரு சொல்லும் இழையில் வந்தது. கான்ஸ்டிட்யூஷனல் மொனார்க்கிக்கு 'வரம்புடை முடியாட்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். புழக்கத்தில் உள்ள அரசியல்சட்ட முடியாட்சியே இருக்கட்டும். மூன்றாம் கமேஹமேஹா 1840-இல் முதல் அரசியலமைப்பைத் தந்தபோது அதிகாரத்தைத் தலைவர்களோடும் மக்களின் சார்பாளர்களோடும் பகிர்ந்துகொண்டார். 1887-இல் நடந்தது பறிப்பு. 'வரம்பு' என்ற ஒரே சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

குறிப்பை எழுதும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பிரிமுனை என்ற தலைப்பின் கீழ் ஆண்டை மட்டும் போடாதீர்கள். '1887: படைமிரட்டல் பலிக்கவில்லை, கலாகௌவா கையெழுத்திடவில்லை' என்று நீக்கிய காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் வரைய விரும்பும் நாட்டுக்கு 1887-தான் பொருந்தும் என்பது என் எண்ணம். கூடவே டோங்காவையும் பாருங்கள். அதே பசிபிக்கில், 1875-இல் முதலாம் ஜார்ஜ் டுபௌ தந்த அரசியலமைப்போடு இன்றும் நிற்கும் தீவு முடியரசு அது. நிலத்தை விற்பதை அந்த அரசியலமைப்பு தடை செய்திருக்கிறது. ஹவாயில் 1848-இன் நிலப் பங்கீட்டுக்குப் பிறகு நிலம் கைமாறத் தொடங்கி, பெருந்தோட்டக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவேளை பிரிமுனையை அங்கேயே வைக்க வேண்டுமோ என்றும் யோசிக்கிறேன். நில வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.