மணல் நுண்மை எண்: ஒரு கலைச்சொல் விவாதம்

குழுவினருக்கு வணக்கம். மதுரையில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வார்ப்படக் (உருகிய உலோகத்தை மணல் அச்சில் ஊற்றி வார்க்கும் தொழில்) கையேட்டைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். மணலைச் சல்லடை அடுக்கில் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கிய எடையை அதற்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் வருவதைப் பட்டறைகளில் ‘ஜி.எஃப்.என்.’ (Grain Fineness Number) என்கிறார்கள். வரைவில் ‘மணல் அளவெண்’ என்று வைத்தோம். எண் ஏற ஏற மணல் பொடியாகும் என்பதால் மாணவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

புலவர் ஐயாவின் மறுமொழி: நுண்மணலுக்கு ‘அயிர்’ என்ற பழஞ்சொல் இருக்க, அளவைத் தேடி ஏன் அலைய வேண்டும்? ‘அயிர்மை எண்’ எனலாம். மணலில் புதைந்து வாழும் அயிரை மீனுக்கும் இதுவே வேர் என்பது என் துணிபு. ‘நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை’ என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவைப் பற்றினால் ‘நுணங்கெண்’ என்றும் ஆக்கலாம்.

கப்பலூர் வார்ப்படப் பட்டறையிலிருந்து: ஐயா, மதுரையில் அயிரை என்றால் குழம்புதான் நினைவுக்கு வரும். ‘நுண்மை எண்’ போதும்; எண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைப் பெயரே காட்டிவிடும். நுண்மை கூடினால் வார்ப்பின் மேற்பரப்பு வழவழப்பாகும். ஆனால் மணல் மணிகளின் இடைவெளி சிறுத்து, உலோகத்தை ஊற்றும்போது எழும் ஆவியும் காற்றும் வெளியேற வழியின்றி உள்ளே துளைகள் விழும். மணிகளின் மொத்தப் பரப்பும் கூடுவதால் அவற்றைப் பிணைக்கும் பெண்டோனைட் களிமண்ணோ ரெசின் பிசினோ அதிகம் செலவாகும். பருமணலில் காற்று தாராளமாகப் போகும், ஆனால் உருகிய உலோகம் மணிகளுக்கிடையே புகுந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். அதனால்தான் பெரிய எஃகு வார்ப்புக்குப் பருமணலையும் அலுமினியத்துக்குப் பொடிமணலையும் எடுக்கிறோம்.

பொறியியல் பேராசிரியர் அம்மா: நுண்மையை ஏற்கிறேன், ஆயினும் ‘சராசரி’ இல்லாத பெயர் அரைகுறையே. இரு மணல்களுக்கும் எண் 60 என்றே வந்தாலும், ஒன்றில் மணிகள் ஏறத்தாழ ஒரே அளவாகவும் மற்றதில் பருமணியும் பொடியும் கலந்தும் இருந்தால், பொடி இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் இரண்டாவதில் காற்றுப்போக்கு குறையும். எண்ணை மட்டும் பார்த்து மணல் வாங்கும் பழக்கத்தைப் பெயரே தூண்டக்கூடாது.

கையேட்டுக் குழு: பெரும்பான்மைப்படி ‘மணல் நுண்மை எண்’ அச்சுக்குப் போகிறது, ‘சராசரி’ வரையறையில் இடம்பெறும்.

புலவர் ஐயா: அயிர்மையைப் பின்னிணைப்பிலாவது சேருங்கள், நான் உடன்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.