பழைய கேம்பர் வேன் எஞ்சினை விற்றவர்கள் சொல்லுங்கள்: இன்னும் உறுத்தும் ஆள் யார்?

துருப்பிடித்த போல்ட்:
ஃபோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பரிலிருந்து இறக்கிய 1600 ட்வின் போர்ட் எஞ்சின். வேனுக்கு வேறு எஞ்சின் ஏறிவிட்டது, இது கொட்டகையில் கிடந்தது, விளம்பரம் போட்டேன், ஒருவர் வந்தார்.

வயதானவர். கார்புரேட்டரைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க நான் துடைத்துப் பளபளப்பாக்கிய தகடுகளையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து கிராங்க் புல்லியை, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டு முனையில் இருக்கும் சக்கரத்தை, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். 'டக்'. மறுபடியும் 'டக்'. "இது எப்போதிலிருந்து?" என்றார். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. வாய் சும்மா இருக்கிறதா? "இந்த எஞ்சினுக்கு அது அப்படித்தான் ஐயா" என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, வர்றேன்" என்று போய்விட்டார். பேரம்கூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் இன்னொருவர் புல்லியைத் தொடாமலே வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அந்த 'டக்' என்னவென்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஸ்பேனர் பதினேழு:
நான் இரண்டு எஞ்சின் விற்றிருக்கிறேன், இரண்டும் சண்டை இல்லாமல் போயின. அதை விடுங்கள். 'டக்' கேட்டாலே எஞ்சின் போச்சு என்று இங்கே யாரும் நினைத்துவிட வேண்டாம். கிராங்குக்கு, அதாவது அந்தச் சுழலும் தண்டுக்கு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், 0.07 முதல் 0.13 மி.மீ. வரை. 0.15 தாண்டினால்தான் கவலை. அதைக் கையால் இழுத்து யாரும் அளக்க முடியாது, டயல் கேஜ் என்ற அளவுமானி வைக்க வேண்டும். கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பக்கம் மூன்று ஷிம் இருக்கும், அந்த ஆட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள். யாரோ கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீலைக் கழற்றி, ஒரு ஷிம்மைத் தொலைத்துவிட்டு மாட்டியிருந்தாலும் இதே சத்தம் வரும். சரியான கனத்தில் ஷிம் போட்டால் தீர்ந்தது. ஃப்ளைவீல் பக்கத்து மெயின் பேரிங்கே (கிராங்கைத் தாங்குவது) எஞ்சின் கேஸுக்குள் ஆடினால்தான் உண்மையான செலவு, ஏனென்றால் அந்தக் கேஸ் மெக்னீசியக் கலவை, அடி வாங்கி வாங்கி வாய் அகன்றுவிடும். எஞ்சின் வேனில் இருக்கும்போதே ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டுப் புல்லியைப் பார்த்திருக்கலாம், நகர்வது கண்ணுக்கே தெரியும். கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதையும்) எஞ்சினை இறக்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்: எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து. மூன்றாவது சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகப்படுங்கள். 1971க்கு முந்தைய மாடல்களில் ஆயில் கூலர் அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் எழுதிக் கையில் கொடுத்தால் பெரியவர் ஏன் போகப் போகிறார்?

துருப்பிடித்த போல்ட்:
அண்ணே, எஞ்சின் கைமாறி நான்கு வருடம் ஆகிறது. எப்படி அளப்பது என்று நான் கேட்கவே இல்லை.

கரிக்கை:
என் கதை தகடு பற்றியது. எஞ்சினைச் சுற்றி இருக்குமே காற்றுத் தகடுகள், அதெல்லாம் துரு ஏறி அசிங்கமாக இருந்தது. படம் எடுக்க எஞ்சின் சுத்தமாகத் தெரியட்டும் என்று கழற்றி, பழைய இரும்போடு போட்டுவிட்டேன். வாங்க வந்தது ஒரு சின்னப் பையன், அவனுக்கு முதல் வேன். "எல்லாம் இருக்கா அண்ணே?" என்று கேட்டான். "எல்லாம் இருக்கு" என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தகடு வெறும் மூடிதான்.

தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு அந்தத் தகடுதான் ரேடியேட்டர் மாதிரி. விசிறிக் காற்றை சிலிண்டர் மேல் ஓட விடுவதும், கீழே இறங்கிய சூட்டுக் காற்று மேலே திரும்பி வராமல் தடுப்பதும் அதுவும் சுற்றியுள்ள ரப்பரும்தான். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. திட்டவில்லை. "அண்ணே, அந்தத் தகடு எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டான். எஞ்சின் என்ன ஆனது என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை.

தூசிக் கண்ணாடி:
'வேன் எஞ்சின்' என்று மட்டும் போட்டிருந்தேன். ஒருவர் தன் பீட்டில் காருக்கு எஞ்சின் தேடி, அதையே பாதி நாள் ஓட்டிக்கொண்டு வந்தார். என்னுடையது 1972 மாடலின் 1700, விசிறி கிராங்கின் முனையிலேயே மாட்டியிருக்கும் தட்டை எஞ்சின். அவருடைய தகடு, எக்ஸாஸ்ட் எதுவும் இதற்குச் சேராது. டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

டயர்மேல் ராஜா:
ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று ஒருவர் அடம் பிடித்தார். ஸ்டார்ட்டர் கியர்பாக்ஸில்தானே இருக்கிறது, வெறும் எஞ்சினை எப்படிச் சுற்றுவது? உடைந்த கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கை, அதாவது எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறையை, மட்டும் அறுத்து மாட்டி, எஞ்சினை ஒரு டயர்மேல் உட்கார வைத்து, பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு பேட்டரியைத் தொட்டேன். பிடித்தது பாருங்கள், டயரிலிருந்து ஒரு பக்கமாகத் துள்ளி அவர் செருப்பை நோக்கி நகர ஆரம்பித்தது. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன், நிறுத்துங்க!" என்றார்.

ஸ்பேனர் பதினேழு:
டயர்மேல் வைத்து ஓட்டுவது ஆபத்து. நான்கு காலில் ஒரு ஸ்டாண்ட் அடித்து...

துருப்பிடித்த போல்ட்:
கரிக்கை, அந்தப் பையன் உங்களுக்காவது போன் செய்தான். என்னிடம் வாங்கியவர் செய்யவே இல்லை. அவர் நம்பர் இன்னும் என் போனில் 'எஞ்சின்' என்ற பெயரில் இருக்கிறது.

ஸ்பேனர் பதினேழு:
கூப்பிட்டால் ஷிம் எத்தனை இருந்தது என்று கேளுங்கள்.